தங்கச்சிக்கு ஒரு கிட்டார்

உங்க வீட்டுல பீரோ மேலயோ பரண்லயோ உறை போட்ட கிட்டார் ஒண்ணு தூங்குதா? எங்க வீட்டுல தூங்கிச்சு. ஆறு வருஷமா. போன மாசம்தான் அது எழுந்துச்சு. ஆனா அதை எழுப்பினது வேற ஒரு கிட்டார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். நடுவுல கொஞ்சம் வாத்தியார் மாதிரி பேசுவேன், பொறுத்துக்கோங்க. கிட்டார் வாங்குற எண்ணத்துல இருக்கிற யாருக்காவது பயன்படும்.

நான் ஒன்பதாவது படிக்கிறப்போ அப்பாகிட்ட அழுது அடம்பிடிச்சு ஒரு கிட்டார் வாங்கினேன். விலை 2,800 ரூபா. பளபளன்னு சிவப்புக் கலர். 'என் இனிய பொன் நிலாவே' வாசிச்சு கிளாஸையே மயக்கிடணும்னு திட்டம். (யார் யாரை மயக்கணும்ங்கிற பட்டியல் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.) மூணு மாசம் உயிரைக் கொடுத்துப் பழகினேன். விரல் நுனியெல்லாம் கன்னிப்போய், சாம்பார் சாதம் பிசையும்போது எரியும். அப்புறம் எஃப் கார்டு வந்துச்சு. ஆள்காட்டி விரலைப் படுக்க வச்சு ஆறு கம்பியையும் ஒரே சமயத்துல அமுக்கணும். நான் அமுக்கினா ரெண்டு கம்பி பேசும், நாலு கம்பி செத்துப் போகும். யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரப் பையன், பத்து வயசு இருக்கும், சிரிச்சுக்கிட்டே அதே கார்டைப் பிடிக்கிறான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், எனக்கு இது வராதுன்னு. கிட்டார் பரணுக்குப் போச்சு.

அதுக்கப்புறம் வீட்டுல எந்தச் செலவு பேச்சு வந்தாலும் அந்தக் கிட்டாரும் பரண்ல இருந்து இறங்கி வந்துடும். "சங்கீதமெல்லாம் நம்ம ரத்தத்துல கெடையாதுல" அப்படின்னு அப்பா முடிச்சு வைப்பார். நானும் நம்பினேன்.

இப்ப தங்கச்சிக்கு பதினாலு வயசு. ஒரு வருஷமா எங்க கோயில் கொயர்ல கிட்டார் வாசிக்கிறா. (பாளையங்கோட்டைப் பக்கம் நாங்க சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம்.) பெரியப்பா மகனோட பழைய கிட்டார், இரவல். அவளுக்கு எஃப் கார்டு வருது. இதைச் சொல்லும்போது எனக்கு வயித்தெரிச்சல் இல்லைன்னு சொன்னா அது பொய்.

போன ஜூன்ல போன் பண்ணினா. "அண்ணே, எனக்குப் பின் சொருகுற கிட்டார் வேணும். கீபோர்டும் டிரம்ஸும் ஆரம்பிச்சா நான் வாசிக்கது எனக்கே கேக்க மாட்டேங்கு."

மைக் வைக்கலையான்னு கேட்டேன். வச்சுப் பார்த்திருக்காங்க. கிட்டார் ஓட்டைக்கு முன்னாடி மைக்கைக் கொண்டு போனதும் ஸ்பீக்கர் 'ஊஊஊ'ன்னு ஊளையிட ஆரம்பிச்சிருக்கு. சத்தத்தைக் குறைச்சா அவ வாசிப்பு கேக்கலை. கூட்டினா ஊளை. போதாததுக்கு, மைக்கை விட்டு ஒரு சாண் நகரக்கூடாது. ஒரு மணி நேரம் சிலை மாதிரி உட்காரணும்.

வீட்டுல பஞ்சாயத்து கூடுச்சு. "ஏல, ஒருத்தனுக்கு வாங்கிக் குடுத்தது பரண்ல கெடக்கது போதாதா?" இது அப்பா. "அவ ஒரு வருஷமா வாசிக்கா. அவனை மாதிரி இல்ல." இது அம்மா. (ரெண்டு பக்கமும் அடி எனக்குத்தான்.) கடைசியில அம்மாவோட சீட்டுப் பணம் பன்னெண்டாயிரம் ரூபா ஒதுக்கப்பட்டுச்சு. எதை வாங்கணும்னு பார்த்துச் சொல்ற பொறுப்பு எனக்கு. கிட்டார்ல தோத்துப்போனவன்கிட்டயே கிட்டார் தேர்ந்தெடுக்கிற வேலை! அப்பாவோட தர்க்கம் ரொம்ப எளிமையானது. "நீதான இன்ஜினீயரிங் படிக்க?"

சரி, இந்தப் 'பின் சொருகுற கிட்டார்' என்னன்னு முதல்ல பார்ப்போம். கடைகள்ல இதை 'செமி எலக்ட்ரிக்'னு சொல்லுவாங்க, இல்லைன்னா 'ஈக்யூ வச்சது'ன்னு சொல்லுவாங்க. சினிமாவுல ராக் ஸ்டார் மாட்டிக்கிட்டு ஆடுற எலக்ட்ரிக் கிட்டார் வேற ஜாதி. அதுல உடம்பு கெட்டிப் பலகை. கம்பிக்குக் கீழ காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். இரும்புக் கம்பி அதிர்ந்தா சுருள்ல மின்சாரம் வரும். ஆம்ப்ளிஃபையர் இல்லைன்னா அதோட சத்தம் பக்கத்து ரூமுக்குக்கூடக் கேக்காது. நாம பேசுறது சாதாரண மரக் கிட்டார்தான். வயிறு காலி, வட்ட ஓட்டை, தானாவே சத்தம் வரும். கூடுதலா உள்ளே ஒரு பிக்கப்.

அந்தப் பிக்கப் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க அடுப்படிக்குப் போனா போதும். அம்மா கேஸ் அடுப்பு பத்த வைக்கிற லைட்டர் இருக்கே, 'டக்'குன்னு அமுக்கினா தீப்பொறி பறக்குறது, அதுக்கு பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு சின்னப் பொருள் இருக்கு. அதை அழுத்தினாலோ அடிச்சாலோ மின்சாரம் வரும். இதுக்குப் பேர் பீசோ மின்சாரம். 1880ல பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடிச்சது. கிட்டார்ல கம்பிகள் வந்து உட்கார்ற வெள்ளைப் பட்டை இருக்குல்ல, சேடில், அதுக்கு அடியில இதே பீசோவை மெல்லிசா ஒரு பட்டையா வச்சுடுறாங்க. கம்பி அதிர அதிர சேடில் அதை அழுத்தும். அந்த அழுத்தம் மின்சாரமா மாறும். லைட்டர்ல ஒரு பெரிய அடி, இங்கே நொடிக்கு நூத்துக்கணக்கான குட்டி அழுத்தம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மின்சாரம் ரொம்பச் சோனி. அதைத் தூக்கி நிறுத்துறதுக்கு கிட்டாரோட பக்கவாட்டுல ஒரு பெட்டி, ப்ரீஆம்ப். வால்யூம், பாஸ், ட்ரெபிள் குமிழெல்லாம் அதுலதான் இருக்கும். பெரும்பாலும் 9 வோல்ட் சதுர பேட்டரி போடணும். மைக் இல்லாததால, அவ நகர்ந்து உட்காரலாம், எந்திரிச்சு நிக்கலாம். ஊளைச் சத்தமும் ரொம்பக் குறையும். (முழுசாப் போகாது. கிட்டார் வயிறே ஒரு எதிரொலிப் பெட்டிதானே. ஸ்பீக்கர் முன்னாடி போய் நின்னா இதுவும் ஊளையிடும்.) கோயில்ல ஏற்கனவே மிக்ஸரும் ஸ்பீக்கரும் இருக்கிறதால தனியா ஆம்ப்ளிஃபையர் வாங்குற செலவும் கிடையாது.

இந்த மாதிரி கிட்டார்களைப் பத்திப் படிக்கும்போது ஒரு சுவையான விஷயம் கிடைச்சுது. 1993 நவம்பர்ல நிர்வாணா குழு நியூயார்க்ல எம்டிவியோட 'அன்பிளக்டு' நிகழ்ச்சிக்கு வாசிச்சாங்க. அன்பிளக்டுன்னா சொருகாததுன்னு அர்த்தம். ஆனா கர்ட் கோபேன் கையில இருந்தது மார்ட்டின் கம்பெனியோட 1959 டி-18ஈ. கடைசியில இருக்கிற 'ஈ' எலக்ட்ரிக்கைக் குறிக்குது. நல்லாவே சொருகித்தான் வாசிச்சார்! இதுல விசேஷம் என்னன்னா, அந்த மாடல் வந்த காலத்துல தோத்துப்போன சரக்கு. நல்ல மரக் கிட்டார் மேல ரெண்டு பெரிய காந்தப் பிக்கப்பைத் திருகி வச்சதால மரத்தோட இயல்பான சத்தம் அடைபட்டுப் போச்சு. மொத்தமே 300 சொச்சம்தான் செஞ்சாங்க. அதுல ஒண்ணான கோபேனோட கிட்டார் 2020 ஜூன்ல ஏலத்துல 60 லட்சம் டாலருக்குப் போச்சு. அது அவர் கைராசி. நமக்கு இதுல பாடம் வேற: சொருகுறதுக்காக மரத்தைக் கெடுக்காதே.

இந்தப் பாடம் எவ்வளவு முக்கியம்னு ஆன்லைன்ல தேட ஆரம்பிச்சதும் புரிஞ்சுது.

ஆறாயிரம் ரூபாய்க்கு ஈக்யூ வச்ச கிட்டார் எக்கச்சக்கமா இருக்கு. கூடவே பை, பெல்ட், கேப்போ, எக்ஸ்ட்ரா கம்பி, ப்ளெக்ட்ரம், துடைக்கிற துணி எல்லாம் இலவசம். பார்த்ததும் மனசு துள்ளும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. ஆறாயிரத்துல பிக்கப்புக்கும் ப்ரீஆம்புக்கும் கொஞ்சம், பைக்கும் பெல்ட்டுக்கும் கொஞ்சம், கடைக்காரர் லாபம் கொஞ்சம் போச்சுன்னா, கிட்டாருக்கு மிச்சம் எவ்வளவு? அதே ஆறாயிரத்துல பிக்கப் இல்லாத கிட்டார் வாங்கினா அந்தக் காசு முழுக்க மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் போகும். அதாவது, குறைஞ்ச விலையில பிக்கப் கேட்டா நாம கிட்டாரோட ஒரு பகுதியைக் கொடுத்துத்தான் அதை வாங்குறோம்.

தனியா வீட்டுல உட்கார்ந்து பழகுற பிள்ளைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. சாதாரண கிட்டார் நல்லதா ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டு, பின்னால மேடை ஏற வேண்டி வந்தா ஓட்டையில மாட்டுற பிக்கப்போ, உடம்புல ஒட்டுற பீசோவோ தனியா வாங்கி மாட்டிக்கலாம். இவளுக்கு வாராவாரம் தேவை இருக்கு. அதனால பிக்கப் வச்சதேதான் வேணும். ஆனா வரிசை மாறக்கூடாது. முதல்ல அது கிட்டாரா இருக்கணும், அப்புறம்தான் பின்.

அடுத்தது அளவு. கடைகள்ல பெரும்பாலும் தொங்குறது ட்ரெட்நாட்னு ஒரு வடிவம். மேல சொன்ன டி-18ல இருக்கிற 'டி'யும் அதுதான். அகலமான இடுப்பு, ஆழமான வயிறு, கணீர்னு சத்தம். ஆனா தங்கச்சி ஒல்லி. ட்ரெட்நாட்டை மடியில வச்சா வலது தோள் காதுகிட்ட போயிடும். ஒரு மணி நேரம் அப்படியே வாசிச்சா தோள் விட்டுப்போகும். கான்சர்ட் வடிவம்னு ஒண்ணு இருக்கு. இடுப்பு ஒடுங்கினது, வயிறு கொஞ்சம் மெலிசு. சத்தம் கொஞ்சம் குறைவுதான், ஆனா சொருகி வாசிக்கிறவளுக்கு அதனால என்ன நஷ்டம்? அதனால கான்சர்ட் வடிவம்தான்னு முடிவு பண்ணினேன்.

மரத்துலயும் ஒரு குழப்பம் இருந்துச்சு. கிட்டாரோட முன்பலகை ஒரே மரமா இருந்தா 'சாலிட் டாப்'. ஒட்டுப்பலகையா இருந்தா 'லேமினேட்'. சாலிடுக்குத்தான் சத்தம் இனிமை, வருஷம் போகப்போக இன்னும் கனியும்ங்கிறாங்க. ஆனா விலை கூடுதல், பராமரிப்பும் கூடுதல். காத்துல ஈரம் ரொம்பக் குறைஞ்சா சுருங்கி வெடிக்கும். எங்க ஊர் மே மாசத்தை நினைச்சுப் பாருங்க. ஒட்டுப்பலகை இதையெல்லாம் தாங்கும். அதோட, சேடிலுக்கு அடியில இருக்கிற பீசோ வழியா ஸ்பீக்கர்ல கேக்கும்போது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பாதிக்கு மேல மறைஞ்சு போகும். அதனால நம்ம பட்ஜெட்டுக்கு ஒட்டுப்பலகையில வெட்கப்பட ஒண்ணுமில்லை.

இவ்வளவும் படிச்சு முடிச்சப்போதான் 'ஆக்‌ஷன்'ங்கிற வார்த்தை கண்ணுல பட்டுச்சு. சினிமா ஆக்‌ஷன் இல்லை. கம்பிக்கும் கழுத்துல இருக்கிற ஃப்ரெட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி. இது அதிகமா இருந்தா கம்பியை அமுக்க அதிக பலம் வேணும், விரல் வலிக்கும், சுதியும் விலகும். ரொம்பக் குறைவா இருந்தா கம்பி ஃப்ரெட்டுல உரசி 'ங்ஙீ'ன்னு இரையும். பன்னெண்டாவது ஃப்ரெட்டுல தடிச்ச கம்பிக்கு ரெண்டரை மில்லிமீட்டர், மெல்லிசுக்கு ரெண்டு, இந்த அளவுல இருந்தா சுகம்.

கடையில போய் ஸ்கேலை வச்சு அளந்துக்கிட்டு நிக்க முடியுமா? அதுக்கு ஒரு வழி இருக்கு. ஏடிஎம் கார்டோட தடிமன் உலகம் முழுக்க ஒண்ணுதான், 0.76 மில்லிமீட்டர். மூணு கார்டை அடுக்கினா 2.3. பன்னெண்டாவது ஃப்ரெட் மேல கார்டுகளை வச்சு, தடிச்ச கம்பிக்கு அடியில நுழைச்சுப் பாருங்க. மூணு கார்டு லேசா உரசிக்கிட்டு நின்னா அருமை. நாலு நுழைஞ்சா பரவாயில்லை, சரி பண்ணிக்கலாம். அஞ்சு கார்டு தாராளமாப் போனா அந்தக் கிட்டாருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்ததைப் பாருங்க. (நம்பர் புடைச்ச கார்டு வேண்டாம், கணக்கு தப்பும்.)

ஒரே மாடல்ல ரெண்டு கிட்டார் எடுத்தா ரெண்டுக்கும் ஆக்‌ஷன் வேற வேறயா இருக்கும். அதனாலதான் நாலரை ஸ்டார் வாங்கின கிட்டாரும் உங்க வீட்டுக்கு வரும்போது எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது. கடைக்கு நேர்ல போறதுன்னு அப்பவே முடிவாச்சு.

காலாண்டுப் பரீட்சை லீவுல அப்பாவும் தங்கச்சியும் நெல்லை எக்ஸ்பிரஸ்ல சென்னைக்கு வந்தாங்க. எழும்பூர்ல இறங்கி, இட்லி சாப்பிட்டுட்டு, பத்தரை மணிக்கெல்லாம் முதல் கடை. அப்பா வாசல்லயே விலைச்சீட்டைப் பார்த்துட்டு, "இது ஒரு பவுன் மோதிரமாட்டும் இருக்கே" அப்படின்னார். (இப்ப தங்கம் விக்கிற விலைக்கு அவர் அரைப் பவுன்னு சொன்னாக்கூட அதிகம். அப்பா மனசுல தங்க விலை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே நின்னு போச்சு.)

தங்கச்சி கண்ணு நேராப் போய் நின்னது ஒரு நீலக் கலர் கிட்டார் மேல. ஏழாயிரத்து ஐந்நூறு. ஈக்யூ பெட்டியில பச்சை லைட் எரியுது, டியூனர் வேற. "அண்ணே, இது!" அப்படிங்கிறா. எனக்கு என் சிவப்புக் கிட்டார் ஞாபகம் வந்துச்சு. பர்ஸை எடுத்தேன். என் ஏடிஎம் கார்டு, அப்பாவோட ஏடிஎம் கார்டு, என் கல்லூரி கார்டு, அப்பாவோட லைசென்ஸ், நாலையும் அடுக்கி நுழைச்சேன். வழுக்கிக்கிட்டு உள்ளே போச்சு. இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்கு. கடைக்காரத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்பா அதைவிட ஒரு மாதிரி பார்த்தார்.

கார்டு மட்டும் போதாது, இன்னும் சில பரிசோதனைகளும் செஞ்சோம். கழுத்தோட ரெண்டு ஓரத்துலயும் உள்ளங்கையை மேலயும் கீழயும் ஓட்டினோம், ஃப்ரெட் கம்பி முனை குத்துதான்னு. நீலக் கிட்டார் குத்துச்சு. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டுலயும் அமுக்கி மீட்டினோம், எங்கயாவது இரையுதான்னு. பன்னெண்டாவது ஃப்ரெட்ல அமுக்கி மீட்டினா வர்ற சுரம், சும்மா மீட்டினா வர்ற சுரத்துக்கு சரியா ஒரு ஸ்தாயி மேல இருக்கணும். போன்ல இருக்கிற டியூனர் ஆப்ல பார்த்தாலே தெரியும். விலகி இருந்தா, எவ்வளவு டியூன் பண்ணினாலும் மேல வாசிக்கும்போது அபஸ்வரம்தான். கழுத்துக்குள்ள வளைவைச் சரிசெய்யுற ட்ரஸ் ராட் இருக்கான்னும் கேட்டோம். கிட்டார்ல பூட்டியிருக்கிற ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல இழுக்குது. ராவும் பகலும் ஒரு ஆள் கழுத்துல தொங்குறதுக்குச் சமம். வளையாம இருக்குமா?

கடைசியா பின்னைச் சொருகிப் பார்க்கணும். இதைச் செய்யாம நிறைய பேர் வாங்கிட்டு வந்துடுறாங்க. ஆறு கம்பியும் ஸ்பீக்கர்ல ஒரே அளவுக்குக் கேக்கணும். ஒரு கம்பி மட்டும் அமுங்கிக் கேட்டா பீசோ மேல சேடில் சரியா உட்காரலைன்னு அர்த்தம். குமிழ்களைத் திருகும்போது கரகரன்னு சத்தம் வரக்கூடாது. ஒயரை லேசா ஆட்டினா சத்தம் விட்டு விட்டு வரக்கூடாது.

ரெண்டாவது கடையில எதுவும் தேறலை. மூணாவது கடையில, சாப்பாட்டு நேரம் தாண்டி, கோர்ட் கம்பெனியோட ஏஎஃப்510ஈ கைக்கு வந்துச்சு. கான்சர்ட் உடம்பு, ஸ்ப்ரூஸ் முன்பலகை, மஹோகனி முதுகு, மினுமினுப்பு இல்லாத மரக் கலர். கோர்ட் கொரியாக்காரங்க. வேற பல பெரிய பேர்களுக்கும் கிட்டார் செஞ்சு கொடுக்கிற கம்பெனி. இதே விலைக்குப் பக்கத்துல யமஹாவோட எஃப்எக்ஸ்310ஏவும் அங்கே இருந்துச்சு. அதுவும் நம்பி வாங்கக்கூடியதுதான், ஆனா உடம்பு ட்ரெட்நாட். தங்கச்சி ரெண்டையும் மடியில வச்சுப் பார்த்தா. கோர்ட்டை வச்சதும் தோள் தானா இறங்குச்சு. கண்ணை மூடிக்கிட்டு ஒரு கீர்த்தனை வாசிச்சா. நீலக் கலரைப் பத்தின பேச்சு அதோட நின்னு போச்சு.

மூணு கார்டு நுழைஞ்சுது. நாலாவது கொஞ்சம் மல்லுக்கட்டுச்சு.

விலை பதிமூணாயிரத்து ஐந்நூறு. நான் பேரம் பேசினது விலையைக் குறைக்க இல்லை. "இலவசப் பொருள் எதுவும் வேண்டாம் சார். ஆக்‌ஷனை இன்னும் கொஞ்சம் இறக்கி, எக்ஸ்ட்ரா லைட் கம்பி போட்டு, செட்டப் பண்ணிக் கொடுங்க." கடையில இருந்த பெரியவர் முகத்துல ஒரு சிரிப்பு. "தம்பி வாசிப்பீங்களோ?" இல்லைன்னு தலையாட்டினேன். அப்பா எதுவும் சொல்லாம ஜிபேல அந்த ஆயிரத்து ஐந்நூறையும் சேர்த்து அனுப்பினார்.

கதை இங்கேயே முடிஞ்சிருக்கணும். முடியலை.

அடுத்த வாரம் நானும் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பாடு ஆச்சு. அப்பா நாற்காலி போட்டு ஏறி, பரண்ல இருந்து என் சிவப்புக் கிட்டாரை இறக்கினார். தூசியைத் தட்டி கட்டில்ல படுக்க வச்சார். சட்டைப் பையில இருந்து பர்ஸை எடுத்தார். ஏடிஎம் கார்டு, பான் கார்டு, லைசென்ஸ், அம்மாவோட ஆதார் கார்டு... ஒவ்வொண்ணா அடுக்கி நுழைச்சுக்கிட்டே இருந்தார். ஆறு கார்டு போச்சு. நாலரை மில்லிமீட்டர்!

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. தங்கச்சி வந்து அதை வாங்கி எஃப் கார்டு பிடிச்சுப் பார்த்தா. "ஐயோ, எனக்கே வரலைண்ணே!"

அப்பா கார்டுகளைத் திரும்ப பர்ஸுக்குள்ள ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே, என்னைப் பார்க்காம சொன்னார். "அப்ப உம்மேல தப்பு இல்லையோ... நானும் அன்னைக்கு ஒண்ணும் பாக்காம தூக்கிட்டு வந்துட்டேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அவர் அன்னைக்குக் கொடுத்த 2,800 எங்க இருந்து வந்த காசுன்னு எனக்குத் தெரியும். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" அப்படின்னு சொன்னதா ஞாபகம். ஆனா ராத்திரி தூக்கம் வரலை. ஆறு வருஷம் 'எனக்கு வராது'ன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். பாட்டு மட்டும் இல்லை, புதுசா எதைத் தொட்டாலும் அந்த எஃப் கார்டு உள்ளே இருந்து பேசும். நல்ல கிட்டார் இருந்திருந்தா நான் பெரிய கலைஞனாகியிருப்பேன்னு சொல்ல வரலை. ரெண்டே மாசத்துல வேற காரணத்துக்கு விட்டிருப்பேனோ என்னவோ. ஆனா அது நானா எடுத்த முடிவா இருந்திருக்கும்.

மலிவான கருவி வாங்குறதுல இருக்கிற உண்மையான ஆபத்து இதுதான்னு தோணுது. காசு போறது சின்ன நஷ்டம். மோசமான கிட்டார் தன்னை மோசம்னு சொல்லாது. அதை வாசிக்கிற பிள்ளையைத்தான் மோசம்னு சொல்லும். பதினாலு வயசுல நாம அதை நம்பிடுவோம்.

டவுன்ல கிட்டார் ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட சிவப்பைக் கொண்டுபோனோம். கழுத்து வளைஞ்சிருந்துச்சு. ட்ரஸ் ராடைத் திருகி ஓரளவு நிமிர்த்தினார். அப்புறம் சேடிலோட அடியைத் தேய்ச்சார். இதுல ஒரு கணக்கு இருக்கு. பன்னெண்டாவது ஃப்ரெட்டுல ஒரு மில்லிமீட்டர் இறங்கணும்னா சேடில்ல ரெண்டு மில்லிமீட்டர் தேய்க்கணும். அதுக்கு மேல தேய்க்க இதுல சேடில் மிச்சம் இல்லைன்னுட்டார். கடைசியில நாலு கார்டுக்கு வந்து நின்னுச்சு. செலவு 600 ரூபா. ஆறு வருஷத்துக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

தங்கச்சியோட புதுக் கிட்டார் கோயில்ல அரங்கேறின கதையையும் சொல்லிடணும். சனிக்கிழமை ராத்திரி பயிற்சி முடிச்சுட்டு ஒயரைக் கழட்டாம வச்சுட்டா. பின் சொருகி இருக்கிற வரைக்கும் ப்ரீஆம்ப் ஓடிக்கிட்டே இருக்கும், வாசிச்சாலும் வாசிக்காட்டாலும். அதோட வந்த பேட்டரி ஏற்கனவே பாதி உயிர். ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பாட்டுல கரகரன்னு இழுத்து, அப்படியே அணைஞ்சு போச்சு. கீபோர்டு வாசிக்கிற மாமா சட்டுன்னு தன் சத்தத்தைக் குறைச்சார். டிரம்ஸ் நின்னுச்சு. அவ நிறுத்தலை. பின் இல்லாமலேயே கடைசி சரணம் வரைக்கும் வாசிச்சா. பின்வரிசையில உட்கார்ந்திருந்த எனக்கும் அப்பாவுக்கும் மெல்லிசாக் கேட்டுச்சு.

நானா? சிவப்புக் கிட்டாரை ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்துட்டேன். எஃப் கார்டுல இப்ப நாலு கம்பி பேசுது. ரெண்டு இன்னும் செத்துத்தான் கிடக்கு. இந்தத் தடவை தப்பு என் மேலதான் :-)

பி.கு: வாங்குறவங்களுக்கு மூணே மூணு வேண்டுகோள். ஒண்ணு, வாசிச்சு முடிச்சதும் பின்னைக் கழட்டுங்க. பையில ஒரு 9 வோல்ட் பேட்டரி எப்பவும் இருக்கட்டும். ரெண்டு, வெயில்ல நிக்கிற காருக்குள்ள கிட்டாரை வைக்காதீங்க. பசை இளகி பிரிட்ஜ் தூக்கிக்கும். மூணு, கடைக்குப் போகும்போது பர்ஸ்ல பணம் இருக்கோ இல்லையோ, நாலு கார்டு இருக்கட்டும்.